கையெழுத்துக்கு அடியில் ஓர் அம்பு

என் கையெழுத்தில் ஓர் அம்பு உண்டு. முதல் சுழிக்கு அடியில், மேலே பார்த்தபடி நிற்கும். ரேஷன் கடையில் கேட்டிருக்கிறார்கள், மகள் படித்த பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள், இது என்ன என்று. பேங்கில் மட்டும் கேட்டதில்லை. அங்கே அது இல்லாவிட்டால்தான் கேட்பார்கள்.

அப்போது நான் மலையாளச் சீமையில், பழவங்காடியில் ஓர் ஓட்டலில் தோசை மாஸ்டர். ஊர் வள்ளியூர்ப் பக்கம். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. பேங்குகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். இனி ஏழைகளும் பேங்குக்கு வரலாம் என்றார்கள். வந்த ஏழையை என்ன செய்வது என்று அவர்கள் யோசித்து வைத்திருக்கவில்லை.

என்னைப் பேங்கில் சேர்த்தவர் ஓட்டல் கணக்கப்பிள்ளை. நாஞ்சில் நாட்டுக்காரர். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பில் எழுதுவார். சம்பளத்தை நான் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுச் சாக்குகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டார்.

“வே, உம்ம சம்பளத்த எலி தின்னுது. தெரியுமா?”

“அஞ்சு ரூவா நோட்டு ஒண்ணுதான் அண்ணாச்சி. மூலையில லேசாத்தான் கடிச்சிருக்கு.”

“இன்னைக்கு மூலை. நாளைக்கு நடு. பேங்குல போடும்.”

கைநாட்டு வைத்துவிடலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கைநாட்டுக்காரனுக்குப் போட்டோ வேண்டும். பணம் எடுக்கும்போதெல்லாம் ஆபீசர் முன்னால் போய் நின்று பெருவிரலை உருட்ட வேண்டும். அவர் முகத்தையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்ப்பார். கையெழுத்துக்காரனை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அதுதான் மரியாதை என்றார் கணக்கப்பிள்ளை. எனக்கும் அந்த மரியாதை வேண்டியிருந்தது.

பில் தாளின் பின்பக்கம் அவரே ஒரு கையெழுத்தை எழுதிக் கொடுத்தார். இங்கிலீஷில். ஐந்து சுழி, ஒரு நீண்ட வால், வாலுக்கு அடியில் இரண்டு புள்ளி. கலெக்டர் போடுவது போல் இருந்தது.

“இதுல என் பேரு எங்க இருக்கு அண்ணாச்சி?”

“உள்ள இருக்கு.”

அரிசி மாவைப் பலகையில் பரப்பி விரலால் எழுதிப் பழகினேன். தாளைப் பார்த்தால் வரும். பார்க்காவிட்டால் மூன்றாவது சுழியில் வழி தவறிவிடும். அதனால் தாளை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டேன். பேங்கில் எல்லோரும் பேனாவைத் தேடுவார்கள். நான் கையெழுத்தைத் தேடுவேன். எடுத்து விரித்து, பக்கத்தில் வைத்து, ஒன்றும் விடாமல் வரைவேன். மூன்று வருஷம் இப்படித்தான் நடந்தது.

பணம் எதற்கு என்றால், என் பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிவர. அவர்கள் அவள் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். நான் படுத்தது ஓட்டல் மாடியில், பத்துப் பேரோடு. அண்ணனுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாயிற்று. அந்த வீட்டில் இருந்ததே ஒரு அறை. அண்ணன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கினான். அவ்வளவுதான். புரிந்துவிட்டது.

கரமனையில், ஆற்றுக்குப் போகும் சந்தில் ஓர் அறை பார்த்தேன். ஒரு அறை, ஒரு அடுப்படி, கிணறு பொது. வீட்டுக்காரர் ரிட்டயரான சர்க்கார் குமாஸ்தா, தமிழர்.

“ஆவணி ஒண்ணாந்தேதி காலம்பற அட்வான்ஸ் இருநூத்தம்பது கைக்கு வரணும்” என்றார். “வரலேன்னா அன்னைக்கு மத்தியானமே வேற ஆளுக்கு. கேட்டு ரெண்டு பேர் நிக்கான்.”

கணக்கில் நானூற்றுப் பத்து இருந்தது. அட்வான்ஸ் போக மீதிக்குப் பாத்திரம் பண்டம் வாங்கலாம். சரி என்று சொல்லிவிட்டு, ஓட்டலுக்குத் திரும்பக் கிழக்கேகோட்டைக்குப் பஸ் ஏறினேன். சனிக்கிழமை சாயங்காலம். நல்ல கூட்டம். இறங்கிப் பார்த்தால் பர்ஸ் இல்லை.

அது பெரிய ரெக்சின் பர்ஸ். பாஸ் புத்தகத்தை இரண்டாக மடித்தால் உள்ளே அடங்கும். பதினோரு ரூபாயும் பாஸ் புத்தகமும் கையெழுத்துத் தாளும் அதில் இருந்தன. பதினோரு ரூபாய்க்கு வருத்தப்பட்டேன். பேங்குப் பணத்துக்குப் பயப்படவில்லை. என் கையெழுத்து இல்லாமல் எவன் எடுப்பான்? கையெழுத்தும் அந்தப் பர்சில்தான் போயிற்று என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

ஞாயிறு பேங்கு கிடையாது. திங்களன்று மாற்று மாஸ்டர் வரவில்லை. செவ்வாய் பதினொரு மணிக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த கிளார்க்கை எனக்குத் தெரியும். மலையாளி. கண்ணாடி போட்டவர். தினமும் காலையில் எங்கள் ஓட்டலுக்கு வருவார். இரண்டு தோசை, நல்ல முறுகலாக, சாம்பார் தனியாக. அடுக்களை ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். முறுகல் போதாது என்றாலும் ஆட்டுவார், அது வேறு மாதிரி ஆட்டல்.

“சார், பாஸ்புக்கு களவு போயிட்டு.”

அவர் லெட்ஜரைப் புரட்டினார். “நேத்தல்லே நிங்கள் பைசா எடுத்தது? நூத்தம்பது.”

“நான் வரலியே சார். நேத்து முழுக்கக் கல்லு முன்னால நின்னேன். காலம்பற நீங்களே என் தோசையத்தான தின்னீங்க?”

“தின்னது செரி. அது ஓட்டல். இது பேங்கல்லே?”

உள்ளே போய் ஒரு பாரத்தை எடுத்து வந்தார். பணம் எடுக்கும் பாரம். பார்த்தேன். ஐந்து சுழி, வால், இரண்டு புள்ளி, அம்பு.

“இது நிங்களோட ஒப்பு தன்னே?”

ஒப்பு என்றால் அங்கே கையெழுத்து. நான் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை.

“ஆமா சார். என் ஒப்புதான்.”

“பின்னே எந்தா?”

“நான் போடல.”

கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். “கேட்டோ, இது இவரோட ஒப்பு. ஆனா இவர் போட்டதில்ல.” இருவரும் சிரித்தார்கள். வரிசையில் நின்ற ஒருவரும் சிரித்தார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது.

வந்தவன் எப்படி இருந்தான் என்று கேட்டேன். நல்ல மனுஷன் என்றார். வெள்ளைச் சட்டை. கையில் வாட்ச். சொந்தப் பேனா. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்துப் பார்த்துப் பாரத்தை எழுதினானாம்.

“தாளப் பாத்து எழுதினா சந்தேகம் வராதா சார்?”

“எப்பவும் அந்தக் கணக்குக்காரன் தாளைப் பார்த்தல்லே எழுதாறு? பார்க்காம எழுதியிருந்தா சந்தேகம் வந்திருக்கும்.”

கவுண்டருக்கு இன்னும் கிட்டே போனேன்.

“ஆளு நான் இல்லேன்னு தெரியலியா?”

“சத்யம் பறஞ்சா,” என்றார், குரலைத் தாழ்த்தி, “பேங்கில் நானூறு ரூபா உள்ள ஆள்னு அவரைக் கண்டா தோணும். நிங்களைக் கண்டா தோணாது.”

ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து ஆறு தடவை ஒப்புப் போடச் சொன்னார். பார்க்கத் தாள் இல்லை. முதலாவதில் நாலு சுழி வந்தது. இரண்டாவதில் ஏழு. ஒன்றில் வால் மேலே போய்விட்டது. ஆறு தடவையும் அம்பு மட்டும் பிசகாமல் வந்தது. அதுதான் சுலபம்.

அவர் ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“அம்பு கரெக்ட். ஆறு அம்பும் கரெக்ட். பாக்கி ஒண்ணும் சேரல.”

உடனே கணக்கை நிறுத்திவிட்டார். இனி அதில் ஒருவரும் கைவைக்க முடியாது என்றார். நல்லது சார் என்றேன். நிங்களும் என்றார்.

“சார், மூணு வருஷமா என்னப் பாக்கீங்க. என்னத் தெரியாதா?”

“தோசைக்காரனைத் தெரியும். கணக்குக்காரனைத் தெரியாது. ரெண்டும் ஒரே ஆள்னு எழுதித்தர எனக்கு அதிகாரம் இல்ல.”

மூன்று காரியம் சொன்னார். போலீஸ் ரசீது வேண்டும். கணக்குத் தொடங்கியபோது எனக்கு அறிமுகம் எழுதினவர் கடிதம் வேண்டும். அன்று நான் ஒப்புப் போட்டுக் கொடுத்த கார்டில் உள்ள மாதிரி ஒப்பு வேண்டும். ஆவணி பிறக்க நாலு நாள் இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு நல்ல மாதிரி. பெஞ்சில் உட்காரச் சொன்னார். பஸ்ஸில் எந்த இடத்தில் கை போட்டான் என்று கேட்டார். தெரிந்திருந்தால் கையைப் பிடித்திருப்பேன் என்றேன். அது முக்கியம் என்றார். பாதி வழிதான் அவர்கள் எல்லை. ஆற்றுப்பக்கம் மீதி அடுத்த ஸ்டேஷன். கோட்டைப் பக்கம் வந்து போட்டிருந்தால்தான் அவர் எழுத முடியும்.

“கோட்டைப் பக்கம்தான் சார்” என்றேன். திருடனுக்காகச் சொன்ன முதல் பொய்.

“ஆளு நீதான்னுள்ளதுக்கு எந்தாவது கார்டு உண்டோ?”

“ரேஷன் கார்டு ஊர்ல. பாஸ்புக்குதான் இருந்துச்சு.”

“அது எவிடே?”

“அதத்தான் சார் களவாண்டான்.”

ரசீதுக்கு இரண்டு நாள் நடந்தேன். மூன்றாம் நாள் கிடைத்தது. பர்ஸ் காணாமல் போனதாக ஒரு ஆள் வந்து சொன்னான், அவன் சொல்லும் பெயர் இன்னது என்று அதில் இருப்பதாகக் கணக்கப்பிள்ளை படித்துச் சொன்னார். அவன் சொல்லும் பெயர். அவ்வளவுக்குத்தான் ஸ்டேஷனிலும் நம்பினார்கள்.

அறிமுகம் எழுதினவர் எங்கள் முதலாளி. மூன்று வருஷம் முன்னால், காய்கறிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டே பாரத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. இப்போது நிதானமாகக் கேட்டார்.

“ஒன்ன எனக்குத் தெரியும்னு நான் எழுதினேனா?”

“ஆமா மொதலாளி.”

“கணக்குல எவ்வளவுடே வச்சிருக்க?”

“நானூத்திப் பத்து. இப்ப எரநூத்தி அறுவது.”

“சம்பளம் பத்தலன்னு போன மாசம் நின்னு அழுதானே, அவனத்தான் எனக்குத் தெரியும். நானூறு ரூவாக்காரன எனக்குத் தெரியாதே.”

ஆனாலும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். கடையை விட்டு வர முடியாது, கணக்கப்பிள்ளை கூட வருவார் என்றார். சம்பளத்தைப் பற்றி அதற்குப் பிறகு இரண்டு வருஷம் என்னால் பேச முடியவில்லை.

மூன்றாவது, ஒப்பு. கணக்கப்பிள்ளை அதே கையெழுத்தை மறுபடியும் பில் தாளில் எழுதித் தந்தார். பார்த்தேன். சுழி சரி. வால் சரி. புள்ளி இரண்டும் சரி.

“அண்ணாச்சி, அம்ப விட்டுட்டீரே.”

“எந்த அம்பு?”

“முதல் சுழிக்குக் கீழ. மேல பாத்து நிக்குமே.”

எழுதியதை ஒரு தடவை பார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

“அடப் பாவி. அது ஒப்பு இல்லவே. எந்த எடத்துல தொடங்கணும்னு உமக்குக் காட்டுகதுக்குப் போட்டது.”

“நான் எப்பவும் போடுவேனே.”

“பேங்குல?”

“பேங்குலதான்.”

அவர் பில் புத்தகத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிமிர்ந்து கண்ணைத் துடைத்துவிட்டு, “மூணு வருஷமா அவனுவ ஒருத்தனும் கேக்கலியா?” என்றார்.

“இல்ல.”

“அப்ப அவனுவளும் உம்ம வகுப்புதான்.”

ஆடி கடைசித் தேதி. மறுநாள் காலை பணம் வேண்டும். இருவரும் பேங்குக்குப் போனோம். கிளார்க் ரசீதைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். புதிய தாளை விரித்து நான் ஒப்புப் போட்டேன். இந்தத் தடவை படித்தவன் போல, அம்பு இல்லாமல்.

அவர் கார்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு வாடிவிட்டது.

“பாக்கி எல்லாம் கரெக்ட். அம்பு எவிடே?”

“அது ஒப்புல சேராது சார்.”

“கார்டில் உண்டல்லோ.”

கணக்கப்பிள்ளை முன்னால் வந்தார். “சார், அத நான்தான் போட்டுக் குடுத்தேன். எங்க தொடங்கணும்னு இவருக்கு…”

“நிங்கள் யாரு?”

“ஓட்டல் கணக்கு.”

“நிங்களுக்கு இவிடே கணக்கு உண்டோ?”

“இல்ல.”

“அப்போ நிங்கள் பேசக்கூடாது.”

நாற்பது வருஷம் ஊர்க் கணக்கெல்லாம் எழுதினவர் வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

“அம்பு போட்டுத் தாரேன் சார்” என்றேன்.

“அது நடக்காது. அம்பு உண்டு, சுழி இல்ல. பின்னே சுழி உண்டு, அம்பு இல்ல. இப்போ ரெண்டும் உண்டு என்னு பறஞ்சா? ஒரு ஆளுக்கு எத்தர ஒப்பு? மேனேஜரைக் காணணும்.”

மேனேஜர் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர். மெலிந்த மனிதர். மேஜையில் கண்ணாடிக்கு அடியில் சாமி படம். கார்டையும், திருடன் எழுதிய பாரத்தையும், நான் இப்போது எழுதியதையும் வரிசையாக வைத்தார்.

“இதுல ரெண்டு அச்சா ஒண்ணு போல இருக்கு. உம்மோடதுதான் ஒட்டல” என்றார். “நான் உம்மை நம்பறதா, என் கண்ணை நம்பறதா?”

நாளைக்குக் காலையில் அறை போய்விடும். பெண்டாட்டிக்கு வேறு இடமில்லை. இதையெல்லாம் சொல்லலாமா என்று யோசித்தேன். கிளார்க்கிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. அதற்குப் பாரம் இல்லை என்றார்.

மேனேஜர் அம்பின் மேல் விரலை வைத்தார். “இது என்ன? இனிஷியலா?”

“இல்ல சார். இங்க தொடங்குன்னு எனக்கு வழி காட்டினது. எழுத்து தெரியாததால அதையும் ஒப்புன்னு நெனச்சு வரைஞ்சுட்டேன்.” வாசலைக் காட்டினேன். “போட்டுக் குடுத்தவரு வெளிய இருக்காரு. பேசக்கூடாதுன்னுட்டாங்க. என் தாளப் பாத்து எழுதினவனும் ஒப்புன்னு நெனச்சுட்டான்.”

அவர் பாரத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கார்டைப் பார்த்தார். கிளார்க்கைப் பார்த்தார்.

“நீங்க?”

“கார்டில் உண்டாயிருந்து சார்.”

மேனேஜர் சிரிக்கவில்லை. கணக்கப்பிள்ளையை உள்ளே கூப்பிட்டார். இரண்டு நிமிஷம் பேச அனுமதி கொடுத்தார். அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

“இது என்னன்னு தெரிஞ்சவன்தான் சொந்தக்காரன்” என்றார் மேனேஜர். “திருடனுக்குத் தெரியல.” கொஞ்சம் நிறுத்தினார். “நமக்கும் தெரியல.”

புதுப் பாரம் வந்தது. ஒப்புப் போட்டேன்.

“அம்பு?”

“அதுதான் தப்புன்னு ஆயிட்டே சார்.”

“தப்புதான். கார்டுலயும் தப்பாத்தானே இருக்கு? கார்டை மாத்தணும்னா மேலே எழுதணும். பதில் வர ஓணம் கழியும். உமக்குப் பணம் எப்போ வேணும்?”

அம்பைப் போட்டேன். கிளார்க் வாங்கி, கார்டோடு ஒத்துப் பார்த்து, திருப்தியாகி, பித்தளை டோக்கன் கொடுத்தார். லெட்ஜரில் என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு குறிப்பும் எழுதினார். அம்பு கட்டாயம் என்று கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்துச் சொன்னார்.

போன நூற்றைம்பதைக் கேட்டேன்.

“அது கிட்டாது” என்றார் மேனேஜர். “ஒப்பு சரியா இருந்தது, பாஸ்புக் இருந்தது. பேங்கு சரியாத்தான் கொடுத்திருக்கு. வாங்கின ஆள்தான் தப்பு.”

கணக்கில் ஐந்து ரூபாய் கிடக்க வேண்டுமாம். மீதி இருநூற்று ஐம்பத்தைந்தை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மாற்று மாஸ்டர் வந்தபின் ஓட்டலை விட்டுக் கிளம்பும் நேரம். கிளார்க் வந்து உட்கார்ந்தார். சப்ளையர் அடுக்களைக்கு வந்து, “அந்தப் பேங்குக் கண்ணாடிக்கு ரெண்டு முறுகல்” என்றான்.

“அவருதானா? நல்லாப் பாத்தியா?” என்றேன்.

“அவருதான் மாஸ்டர். தெனம் வாறவரு.”

“தெனம் வாறதெல்லாம் சாட்சி இல்ல. எதுக்கும் கேட்டுக்கோ.”

அவன் போய்க் கேட்டுவிட்டான். கிளார்க் ஜன்னல் பக்கம் பார்த்தார். தலையை ஆட்டவில்லை. நானே இரண்டு தோசை வார்த்து அனுப்பிவிட்டுக் கரமனைக்குப் பஸ் பிடித்தேன். பணம் வேட்டி மடிப்பில், கை அதன் மேலே.

வீட்டுக்காரர் பணத்தை இரண்டு தடவை எண்ணினார். முத்திரைத் தாளை நீட்டினார். நான் பில் தாளை விரித்துப் பார்த்து ஒப்புப் போட்டேன். கை தானாக அம்பையும் போட்டுவிட்டது.

“இதென்னது, அம்பா?”

“ஒப்புல சேர்ந்தது. பேங்குல ஒத்துக்கிட்டாங்க.”

சர்க்கார் வேலை பார்த்தவர். தாளைத் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார். “பேங்கே ஒத்துக்கிட்டா நமக்கென்ன” என்று சாவியைத் தந்தார்.

அண்ணன் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் என் பெண்டாட்டி வந்து சேர்ந்தாள். ஒரு டிரங்குப் பெட்டி, இடுப்பில் பிள்ளை, ஒரு அலுமினியப் பானை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். அடுப்படியைப் பார்த்தாள்.

“பாத்திரமெல்லாம் வாங்கி வைக்கேன்னு கடுதாசில எழுதச் சொல்லியிருந்தியளே?”

நடந்ததைச் சொன்னேன். அவள் ஐந்தாம் வகுப்பு வரை போனவள். கையெழுத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

“இதுல உங்க பேரு எங்க இருக்கு?”

“உள்ள இருக்கு.”

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “அப்ப இன்னொருத்தனும் இதப் போட்டுக்கிட்டுத் திரியுதானா?”

“திரிவான்.”

“உங்களவிட நல்லாப் போடுவானோ?”

“நல்லாத்தான் போடுவான். சொந்தப் பேனா வச்சிருக்கானாம்.”

அவள் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, இருந்த ஒரே பானையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.